பலத்தை அளப்பது எதற்காக?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த அரங்கில் ஐம்பதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி, "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு, மூன்று மாதச் சராசரி இவ்வளவு என்று மடமடவென்று ஒப்பிப்பார். பிரஷர், கொழுப்பு, கிரியேட்டினின் எல்லாம் ஃபைலில் தயாராக இருக்கும். "உங்கள் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் எண் வராது. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், டெய்லி வாக்கிங் போறேனே" என்பார்.

வாக்கிங்மீது எனக்கு ஒரு பகையும் இல்லை. இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, பூங்காவில் நாலு பேரைப் பார்த்துப் பேசினால் மனசுக்கும் நல்லது. ஆனால் சமதரையில் நடக்கும்போது கால் தாங்குவது நம் உடம்பின் எடையை மட்டும்தான். போன வருடம் தாங்கிய அதே எடை, அதே வேகம், அதே நாலு சுற்று. பழகிப்போன வேலைக்காகத் தசை தன்னைக் கூடுதலாக வளர்த்துக்கொள்ளாது. பத்து வருடமாக ஒருநாள்கூடத் தவறாமல் நடந்தவர், தரையில் பந்திக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கப் பக்கத்து இலைக்காரரின் தோளைப் பிடிப்பதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் பேரன் பள்ளியிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பவர்களும் இங்கே இருப்பார்கள்.

பலத்தைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. தென்மாவட்டக் கிராமங்களில் மந்தையிலோ கோயில் வாசலிலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல். அதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் என்பது ஊர்ப்பேச்சு. அதில் உண்மை எவ்வளவு, பிற்காலத்தில் சேர்ந்த கதை எவ்வளவு என்பது வேறு விவகாரம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் போட்டி இந்தக் காலத்திலும் நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள்.

அந்தக் கல்லைத் தூக்கும் முறையைக் கவனித்தால் அது எவ்வளவு கடுமையான சோதனை என்பது தெரியும். வழவழப்பான உருண்டைக் கல். கைப்பிடி கிடையாது, விரல் நுழைக்க விளிம்பு கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லை அணைத்து, முதலில் தொடைக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து உருட்டி நெஞ்சுக்கு. நெஞ்சிலிருந்து தோளுக்கு. அப்புறம் தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். கைப்பிடி, முதுகு, தொடை, இடுப்பு என்று ஒன்றைக்கூட விட்டுவைக்காது. இன்று 'ஸ்ட்ராங்மேன்' போட்டிகளில் பெரிய கல் உருண்டைகளைத் தூக்குகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஆனால் ஒரு சோதனை என்ற வகையில் அதில் ஒரு குறை உண்டு. தூக்கினாயா, இல்லையா? அதோடு விஷயம் முடிந்தது. தூக்காதவன் எவ்வளவு தூக்குவான், அடுத்த பொங்கலுக்குள் அவன் என்ன செய்தால் தூக்குவான் என்பதெல்லாம் கல்லின் கவலை இல்லை. காவலர் தேர்வில் கயிறு ஏறச் சொல்கிறார்கள். ஏறும் உயரத்துக்கு ஏற்ப மதிப்பெண். அதுவும் ஆளைக் கழிக்கிற சோதனைதான். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அது போதும். உடம்பைத் தேற்ற நினைக்கிறவர்களுக்குப் போதாது.

கழிக்கிற சோதனை ஒரு நாட்டையே கலக்கியதும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு சின்னச் சோதனைகள் வைத்தார்கள். படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவது, காலைத் தூக்கிப் பிடிப்பது, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது, இந்த மாதிரி. ஆறில் ஒன்றில் தவறினாலும் தோல்வி. அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதம் பேர் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் 8.7 சதவீதம்தான். விஷயம் அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் மேசைக்குப் போய், 1956-இல் இளைஞர் உடற்தகுதிக்கென்று ஒரு குடியரசுத் தலைவர் மன்றமே அமைந்தது. பிற்பாடு நிதானமாகப் பார்த்தவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். தோற்றவர்களில் பெரும்பாலோர் குனிந்து தரையைத் தொடுகிற இடத்தில்தான் தோற்றிருந்தார்கள். அது பலத்தின் குறை அல்ல, வளைந்துகொடுப்பதில் உள்ள குறை. எந்த எண்ணைக் கண்டும் மிரளும் முன் அது எதை அளந்தது என்று கேட்டுவிட வேண்டும். நம் பள்ளிகளில் தண்டால் எத்தனை என்று எண்ணி மார்க் போடும்போதும் இந்தக் கேள்வி பொருந்தும். ஒரு தண்டாலுக்கே திணறுகிற பிள்ளைக்கு அது பலத்தின் சோதனை. நாற்பது எடுக்கிற பிள்ளைக்கு அது தாக்குப்பிடிக்கும் திறனின் சோதனை. இரண்டும் ஒன்றல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். தாமஸ் டிலார்ம். அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். பிறகு எடை தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சிகாகோவில் உள்ள கார்டினர் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். முழங்காலில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து, தொடை சூம்பிப்போன சிப்பாய்கள் வார்டு நிறையக் கிடந்தார்கள். அன்றைய வைத்தியம் என்னவென்றால், லேசான எடையைக் கொடுத்து நிறைய தடவை ஆட்டச் சொல்வது. சைக்கிள் மிதிக்கச் சொல்வது. மாதக்கணக்கில் போகும்.

டிலார்ம் இதைத் தலைகீழாகத் திருப்பினார். பாதத்தில் இரும்புச் செருப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் எடையை மாட்டி, காலை நீட்டச் சொன்னார். எவ்வளவு எடை? பத்து தடவை நீட்ட முடிய வேண்டும், பதினோராவது தடவை முடியக் கூடாது. அந்த எடைதான் அந்த ஆளுக்கான எடை. ஒவ்வொரு வாரமும் மறுபடி சோதிப்பார். பத்து என்பது பன்னிரண்டானால் எடையைக் கூட்டுவார். 1945-இல் இதை எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களின் ஆய்விதழில் வெளியிட்டார். முதலில் எழுபது, நூறு தடவை என்று செய்யவைத்தவர், 1948-இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகக் குறைத்தார்: பத்து தடவை தூக்க முடிகிற எடையில் பாதியை வைத்து ஒரு செட், முக்கால் பங்கை வைத்து ஒரு செட், முழு எடையை வைத்து ஒரு செட். இன்று எந்த ஊர் ஜிம்முக்குப் போனாலும் "மூணு செட், பத்து பத்து" என்று மாஸ்டர் சொல்வாரே, அந்த வழக்கத்தின் வேர் அந்த வார்டில் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்வது எடையைக் கூட்டியது அல்ல. அதை மல்லர்கள் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். சோதனையையும் மருந்தையும் அவர் ஒன்றாக்கினார், அதுதான். பத்து தடவை தூக்க முடிகிற எடை எது என்று பார்ப்பதே சோதனை. கிடைத்த எண்தான் இந்த வார மருந்தளவு. தோல்வி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. அரைக் கிலோதான் முடிகிறதா, அரைக் கிலோவில் ஆரம்பி. நம் கர்லாக்கட்டைக்காரர்களும் சின்னக் கட்டையில் பழக்கிவிட்டுத்தான் பெரிய கட்டையைக் கையில் கொடுப்பார்கள். அந்த விவேகத்துக்கு டிலார்ம் கணக்கு எழுதினார் என்று சொல்லலாம்.

கூட்டிக்கொண்டே போனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை. ஆனால் பலம் கூடும். காரணம் நரம்பு. ஒரு தசையில் ஆயிரக்கணக்கான இழைகள். அவை கொத்துக்கொத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு கொத்தும் ஒரு நரம்பணுவின் ஆணைக்குக் கீழே இருக்கும். லேசான வேலைக்குச் சின்னக் கொத்துகள் மட்டும் எழுந்திருக்கும். பாரம் ஏற ஏறத்தான் பெரிய கொத்துகள் வேலைக்கு வரும். நடையிலும் லேசான கையசைப்பிலும் அந்தப் பெரிய கொத்துகளுக்கு அழைப்பே போவதில்லை. வயதாக ஆக நாம் அதிகமாக இழப்பதும் அவற்றைத்தான். கனமான எடையைக் கொடுத்தால் மூளை அவற்றை எழுப்பக் கற்றுக்கொள்கிறது. சில வாரங்கள் கழித்துத்தான் இழைகள் தடிக்க ஆரம்பிக்கும். ஒரு மாதம் ஜிம்முக்குப் போய்விட்டுக் கண்ணாடியைப் பார்த்து "ஒண்ணும் மாறலையே" என்று நின்றுவிடுகிற பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றம் ஆரம்பித்திருக்கும், கண்ணாடியில் தெரியாது.

இதற்கு என்னிடம் இருக்கும் சிறந்த சாட்சி இளைஞர்கள் அல்ல. பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் அங்கே இருந்த பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் 86 முதல் 96 வயது வரை. பல நோய்களோடு தளர்ந்துபோனவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம், தொடைக்கு எடைப் பயிற்சி. எடை லேசானது அல்ல. ஒரே ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு தூக்குவார்களோ அதில் 80 சதவீதம். 1990-இல் முடிவுகள் வந்தன. முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; நரம்பைப் பற்றி நான் சொன்னது அப்படியே விளங்கும். இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழ ஆரம்பித்தார். பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில், ஏறிய உச்ச பலத்தில் 32 சதவீதம் இறங்கியும் போனது. இந்தக் கடைசிச் செய்தியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

"இந்த வயசுல இனிமே என்ன சார்?" என்பவர்களுக்கு இதற்குமேல் நான் வாதாடப் போவதில்லை.

சரி, உங்கள் பலத்தை எப்படி அளப்பது? கைப்பிடி பலத்தை அளக்க டைனமோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. உட்கார்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டி நேர்கோணமாக மடக்கி, சில நொடிகள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முள்ளோ திரையோ கிலோவைக் காட்டும். ஆசியர்களுக்கென்று 2019-இல் நிபுணர் குழு சொன்ன எல்லை: ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் தசை பலம் குறைவு. 2015-இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து, அவர்களைச் சுமார் நாலு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய, மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. யாருக்கு ஆபத்து என்பதை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் வைத்த கைப்பிடியை வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே அமுக்குகிறவர்கள் உண்டு. தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்கிவிடுமா? கைப்பிடி மொத்த உடம்பின் நிலையைக் காட்டும் ஒரு குறி. தேற்ற வேண்டியது மொத்த உடம்பை.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலி இருக்கிறது. சுவரோரம் ஒரு நாற்காலியைப் போடுங்கள், கைவைக்காத நாற்காலி, சுமார் 43 சென்டிமீட்டர் உயரம். உட்கார்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 நொடிக்குள் எத்தனை தடவை முழுதாக நின்று உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் ஆணுக்கு 14-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே என்றால் குறைவு. 70 முதல் 74 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அமெரிக்காவில் முதியவர்கள் கீழே விழும் ஆபத்தைக் கணிக்க வைத்திருக்கும் கணக்கு இது. அங்கிருந்து எடுத்ததுதான் என்றாலும் நமக்கும் ஒரு தொடக்கமாக உதவும்.

எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி எப்படி எழுகிறீர்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பலம் குறைந்தவர் எழும்போது முதலில் தலையையும் நெஞ்சையும் முன்னால் வீசுவார்; அந்த வேகத்தில்தான் இடுப்பு தூக்கும். முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று தேடிப் போகும். எட்டாவது, ஒன்பதாவது தடவையில் கை தானாக அவிழ்ந்து தொடையைத் தேடும். உட்காரும் விதத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். தொடையில் பலம் இருப்பவர் மெல்ல இறங்கி உட்காருவார். இல்லாதவர் பாதி வழியில் உடம்பைக் கைவிட்டு 'தொப்' என்று விழுவார். நாற்காலி பின்னால் நகரும் சத்தமே சொல்லிவிடும். படியில் ஏறும்போது விழுவதைவிட இறங்கும்போது விழுகிறவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். இறங்குவது இந்த மெல்ல இறக்கும் பலத்தின் வேலை.

பிரேசிலில் கிளாடியோ ஜில் அராஹோ என்ற மருத்துவரின் குழு இன்னொரு சோதனை வைத்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். உட்கார 5 மதிப்பெண், எழ 5 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும்; தடுமாறினால் அரை குறையும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரை இப்படிப் பார்த்ததில், மிகக் குறைவாக வாங்கியவர்களின் இறப்பு விகிதம் 8 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களைவிட ஐந்தாறு மடங்கு இருந்தது. நாம் சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் மாறாத காலத்தில் இந்தச் சோதனையை நம் வீட்டில் நாளைக்கு மூன்று வேளை நடத்திக்கொண்டிருந்தோம்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அதிகபட்சம் ஒரே தடவை எவ்வளவு தூக்குவேன் என்று பார்க்க ஆசை இருக்கும். முதல் மாதத்தில் அதைத் தொடவே வேண்டாம். முறை பழகாத உடம்பு முதுகைக் கொடுத்துத் தூக்கும். கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். தூக்கிய எடையைத் தடவையால் பெருக்கி, முப்பதால் வகுத்து, அதே எடையோடு கூட்டுங்கள். 40 கிலோவைப் பத்து தடவை தூக்கினால், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 53 கிலோ. பத்து தடவைக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பும்படி இருக்காது.

இனி பலத்தை ஏற்றுகிற வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலப் பயிற்சி செய்ய வேண்டும் என்று. வாக்கிங் இதற்குள் வராது. அது தனிக் கணக்கு. வீட்டில் ஆரம்பிக்கிறவருக்கு நாலு அசைவு போதும். நாற்காலியிலிருந்து எழுவது, அது சுலபமானால் பஸ்கி. சுவரைத் தள்ளுவது, பிறகு மேசை விளிம்பில், கடைசியில் தரையில் தண்டால். ஒரு பையைக் குனிந்து இடுப்புப்பக்கம் இழுப்பது. ஒரு பாரத்தைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது. பாரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய கேன் நல்ல கருவி. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அளவை நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம். அதை வைத்து டிலார்மின் வேலையைச் செய்யுங்கள். பத்து தடவைக்குமேல் முடியாத பாரம் எது என்று பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று செட், நடுவே இரண்டு நிமிட ஓய்வு. பன்னிரண்டு தடவை வந்துவிட்டதா, அரை லிட்டர் கூட்டுங்கள். நோட்டு இல்லாமல் இது நடக்காது. எழுதாதவர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே இரண்டு கிலோ டம்பெல்லைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெண்கள் "உடம்பு முறுக்கேறி ஆம்பளை மாதிரி ஆயிடும்" என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஆண்களில் தசையைப் பருக்கவைக்கும் ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு. மாறாக, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும்போது கனமான எடையே பிடித்து நிறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கண்காணிப்போடு கனமான எடை கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. கண்காணிப்போடு என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாலு இட்லி, சட்னி, மத்தியானம் சாதம், ரசம், ராத்திரி தோசை என்று ஓட்டினால் அந்த ஐம்பதைத் தொடுவது கஷ்டம். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் எது முடியுமோ அதைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

கடைசியாக, தம் கட்டித் தூக்குவது. பாரத்தைக் கண்டதும் மூச்சை அடக்குவது நம் பழக்கம். அந்த நொடியில் ரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். இருபது வயதுக்காரர் தாங்குவார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் செய்யக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள், கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கும் சர்க்கரைக்காரர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மறுநாள் தொடையில் வலி இருப்பது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ பாரத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அப்போதே நிறுத்துங்கள்.

பக்கத்து அறையில் ஒரு டைனமோமீட்டரும் நாலு நாற்காலியும் வைத்திருக்கிறோம். கேள்விகளை முடித்துக்கொண்டு அங்கே போகலாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பஸ்கி போடலாமா என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.